பேர் போடாத வேலை

பதுளையிலும் சுற்றுத் தோட்டங்களிலும் இருக்கிற என் சகோதரிகளே, நம் ஆண்டவருடைய சமாதானம் உங்கள் வீடுகளில் தங்கியிருப்பதாக.

அந்த ஐப்பசி மழையில் என் பிள்ளை பால் குடிப்பதை நிறுத்திவிட்டது. நிறுத்திவிட்டது என்று எழுதுவது சரியல்ல. குடிப்பதற்கு என்னிடம் பால் இல்லை. காய்ச்சலில் எனக்குப் பால் வற்றிப்போனது. ஆட்டுப்பாலில் தண்ணீர் கலந்து காய்ச்சிப் பாலாடையில் புகட்டினால் அவ்வளவும் வெளியே வந்தது. பெரகலையிலிருந்து ஹல்துமுல்லைக்குப் போகும் பாதையில் மண் சரிந்து வண்டிகள் நின்றுவிட்டன. டாக்டரை அழைத்துவரக் கால்நடையாகப் போன என் வீட்டுக்காரர் திரும்பவில்லை. நான் பாயில் கிடந்து பிள்ளையின் மூச்சைக் கேட்டுக்கொண்டிருந்தேன். அழுவதற்குக்கூடப் பலமில்லாமல் அது பூனைக்குட்டிபோல முனகியது.

கர்த்தர் என்னைக் கைவிட்டார் என்று நினைத்தேன். அவர் கைவிட்டது நியாயம்தான் என்றும் நினைத்தேன். அதுதான் இன்னும் கொடுமை. ஏன் அப்படி நினைத்தேன் என்று விளங்க வேண்டுமானால் நான் கொஞ்சம் பின்னால் போக வேண்டும். பயப்படாதீர்கள், இது துக்கத்தில் முடிகிற காரியம் அல்ல. நடுவில் சிரிப்பும் வரும். சாட்சி எழுதும்போது சிரிப்பை எழுதலாமா என்று என் வீட்டுக்காரரிடம் கேட்டேன். நடந்தது அப்படித்தானே என்றார். ஆகவே எழுதுகிறேன்.

நான் பதுளையில் பிறந்தவள். அங்கே பெண்கள் பள்ளிக்கூடத்தில் தங்கிப் படித்தவள். என் வீட்டுக்காரர் ஹல்துமுல்லைக்கு மேலேயுள்ள ஒரு தேயிலைத் தோட்டத்தில் வாத்தியார். வாரநாட்களில் பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுப்பார். ஞாயிற்றுக்கிழமை அதே பள்ளிக்கூடத்தில் ஆராதனை நடத்துவார். பதுளைக்கு ரயில் வராத காலம் அது. கலியாணம் முடிந்து மாட்டுவண்டியில் பண்டாரவளைக்கு வந்து, ரயிலில் அப்புத்தளையில் இறங்கி, பெரகலை வழியாக மலைச்சரிவில் குலுங்கிக் குலுங்கி வந்து சேர்ந்தேன். வழியெல்லாம் என்னை எதற்காக ஆண்டவர் இங்கே அனுப்புகிறார், நான் இதற்குத் தகுதியானவள்தானா என்றே யோசித்துக்கொண்டிருந்தேன். யோசிப்பது என் வியாதி.

வந்த புதிதில் ஒரு காலை. எங்கள் வீட்டுக்குக் கீழே வேலையாட்கள் குடியிருக்கும் லயம் இருக்கிறது. அந்த லயத்துப் பெண் ஒருத்தி, எல்லாரும் மலைக்குப் போன பிறகு, வெறுங்கூடையோடு திரும்பி வந்துகொண்டிருந்தாள். அங்கம்மா என்று பெயர். என்னைவிடச் சில வயது மூத்தவள். கொழுந்து பறிக்கிறவள். முகம் வாடியிருந்ததைப் பார்த்து என்ன விஷயம் என்று கேட்டேன்.

"இன்னிக்கு எனக்குப் பேர் இல்லைங்க" என்றாள்.

என் நெஞ்சு உருகிவிட்டது. தனக்கென்று ஒரு பெயர்கூட இல்லை என்று சொல்லும் அளவுக்கு இந்த ஆத்துமா நொந்துபோயிருக்கிறதே என்று நினைத்தேன். பள்ளிக்கூடத்தில் படித்ததெல்லாம் ஒன்றாக நாவுக்கு வந்தது. அவள் கையைப் பிடித்துக்கொண்டு, அப்படிச் சொல்லக்கூடாது, ஆண்டவரிடத்தில் வந்தால் பரலோகத்தில் உன் பேரை எழுதி வைப்பார் என்றேன்.

அவள் என்னை உற்றுப் பார்த்தாள். "வேல செய்யாமயே பேர் குடுப்பாராங்க?"

எழுத்து வாசனை இல்லாத ஒரு பெண் இவ்வளவு ஆழமான கேள்வியைக் கேட்டதும் எனக்குப் புல்லரித்துப் போனது. மனுஷர் தங்கள் கிரியைகளினால் இரட்சிப்பைச் சம்பாதிக்க முடியாது என்பதல்லவா நமக்கு முதலில் சொல்லித்தந்தது? "ஒரு வேலையும் வேண்டாம். சும்மாவே கொடுப்பார்" என்றேன்.

"முழுப் பேராங்க, அரைப் பேரா?"

இது என்ன கேள்வி என்று எனக்குப் புரியவில்லை. ஆனாலும் ஆண்டவர் எதையும் பாதியாகக் கொடுக்கிறவர் அல்லவே. "முழுப் பேர்தான்" என்றேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பள்ளிக்கூடம் கொள்ளவில்லை. வழக்கமாக உட்காருகிற முதல் வாங்குப்பலகைகூட நிறையாது. அன்று பெண்கள் வாசலுக்கு வெளியேயும் நின்றார்கள். சிலர் கூடையோடு வந்திருந்தார்கள். என் வீட்டுக்காரருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. சொல்ல வைத்திருந்த பிரசங்கத்தை இரண்டு மடங்கு நீட்டினார். நான் பின்னால் உட்கார்ந்து, ஆண்டவரே, என் ஒரு வார்த்தையை இவ்வளவு ஆசீர்வதித்தீரே என்று கண்ணைத் துடைத்துக்கொண்டேன். ஆசீர்வாதம் கூறி முடித்ததும் ஒருவரும் வீட்டுக்குப் போகவில்லை. வெளியே போய் வரிசையாக நின்றார்கள். எதற்கு நிற்கிறீர்கள் என்று அவர் கேட்டார். பேர் போடுவதற்கு என்றார்கள்.

பிறகுதான் என் வீட்டுக்காரர் எனக்கு விளங்க வைத்தார். தோட்டத்தில் பேர் என்றால் ஒரு நாள் வேலை, அதற்குரிய கூலி. விடியற்காலையில் தப்பு என்கிற பறையை அடித்து எல்லாரையும் எழுப்புவார்கள். ஆட்களை வரிசையில் நிறுத்தி வேலை பிரிக்கிற இடத்துக்குப் பெரட்டு என்று பெயர். பெரட்டுக்குப் பிந்தினால் திருப்பி அனுப்பிவிடுவார்கள், அன்று பேர் இல்லை. வேலை வாங்குகிற கங்காணி மனமிரங்கிப் பிந்தி வந்தவரைச் சேர்த்துக்கொண்டாலும், கூடையில் கொழுந்து குறைந்தாலும், அரைப்பேர். இவ்வளவுதான் காரியம். வாத்தியாரம்மா வீட்டுச் சாமி வேலை வாங்காமலே முழுப்பேர் போடுகிறதாம் என்று அங்கம்மா லயம் முழுவதும் சொல்லியிருக்கிறாள். சிலர் நம்பி வந்தார்கள், சிலர் வேடிக்கை பார்க்க வந்தார்கள்.

அன்று அவர் வெளியே போய் மிகுந்த பொறுமையோடு எல்லாவற்றையும் எடுத்துச் சொன்னார். முன்வரிசையில் நின்ற அங்கம்மா கேட்டாள்: "அப்ப நாளைக்கும் பெரட்டுக்குப் போவணுமாங்க?"

எல்லாரும் சிரித்த சிரிப்பு மலைமேலே எதிரொலித்தது. அன்றிலிருந்து தோட்டத்தில் எனக்குப் 'பேர் போடுற அம்மா' என்று பட்டம். நான் வெட்கத்தால் பல நாள் வெளியே வரவில்லை. ஆனாலும் அதற்குப் பிறகு அங்கம்மா பாட்டுக் கேட்கிறதற்காகச் சில ஞாயிறுகளில் வந்து கடைசியில் உட்காருவாள். மாரியம்மன் திருவிழாவுக்கும் போவாள். இரண்டும் பிடிக்கும் என்பாள்.

இனி நான் எழுதப்போவது சிரிப்பானது அல்ல.

எங்கள் முதல் பிள்ளை மூச்சில்லாமல் பிறந்தது. அடுத்த முறை வயிற்றில் உண்டானபோது எனக்குள் பயம் புகுந்தது. இதையும் ஆண்டவர் எடுத்துக்கொள்வாரோ என்ற பயம். முழங்காலில் நின்று ஒரு பொருத்தனை செய்தேன். இந்தப் பிள்ளையை உயிரோடு தந்தால், வேலைநாள் ஒன்றும் தவறாமல் பிள்ளை மடுவத்துக்குக் கஞ்சி கொண்டுபோவேன் என்று சொன்னேன். பிள்ளை மடுவம் என்பது தாய்மார் மலைக்குப் போகும்போது கைக்குழந்தைகளை விட்டுப்போகிற கொட்டகை. ஒரு பாட்டி காவலிருப்பாள். பிள்ளைகள் ஈரத்தில் பசியோடு தாய் வரும்வரை கிடக்கும்.

பிள்ளையைப் பெறும்வரை காத்திருக்கவும் எனக்குத் தைரியமில்லை. அன்றே தொடங்கிவிட்டேன். சமைக்கும்போதெல்லாம் ஆண்டவருக்கென்று ஒரு பிடி அரிசி எடுத்து வைக்கிற வழக்கம் நம் எல்லாருடைய வீட்டிலும் உண்டு. அந்தப் பிடி அரிசியோடு இன்னும் கொஞ்சம் சேர்த்துக் கஞ்சி காய்ச்சினேன். அந்த ஒரு பிடி எடுக்க நான் பட்ட பாட்டைச் சொன்னால் நீங்கள் சிரிப்பீர்கள். என் கை சிறியது. ஆண்டவர் குறைவாக நினைத்துவிடுவாரோ என்று இன்னும் ஒரு பிடி எடுப்பேன். அது பெருமையாகிவிடுமோ என்று கொஞ்சம் திருப்பிப் போடுவேன். போட்டதை நினைத்து மறுபடியும் எடுப்பேன். அடுப்பில் உலை கொதித்து வற்றிவிடும். ஒருநாள் என் வீட்டுக்காரர் பார்த்துவிட்டு, அரிசிக்கே மயக்கம் வரும், விட்டுவிடு என்றார்.

பெண் பிள்ளை பிறந்தது. உயிரோடு, அழுதுகொண்டு, மயிர் நிறைந்த தலையோடு. நான் படுக்கையில் இருந்த நாட்களில் அவரே கஞ்சிப்பானையைத் தூக்கிக்கொண்டு மடுவத்துக்குப் போனார். வாத்தியார் பானை சுமக்கிறதைப் பார்க்க ஆட்கள் கூடிவிடுவார்களாம். எனக்கோ வேறு கவலை. அவர் கொண்டுபோனால் அது என் கணக்கில் சேருமா? எழுந்து நடக்க முடிந்தவுடனே நானே கொண்டுபோனேன். கஞ்சியை ஊற்றும்போது அந்தப் பிள்ளைகளின் முகத்தை நான் பார்த்தேனா என்று இப்போது யோசிக்கிறேன். பார்த்த ஞாபகம் இல்லை. இன்றைக்கும் ஆயிற்று, இன்றைக்கும் என் பிள்ளை பிழைத்தது என்று பெருமூச்சு விட்டுத் திரும்புவேன்.

ஐப்பசியில் மழை பிடித்தது. ஹல்துமுல்லைப் பக்கம் அந்த மாத மழை எப்படி இருக்கும் என்று அங்கே இருந்தவர்களுக்குத் தெரியும். வானம் தெரியாது, எதிரே இருக்கிற செடி தெரியாது, தண்ணீர்ச் சத்தம் மட்டும் கேட்கும். நாளைக்குப் போகலாம் என்று என் வீட்டுக்காரர் தடுத்தார். நான் கேட்கவில்லை. பானையை முந்தானையால் மூடிக்கொண்டு போனேன். தலையோடு கால் நனைந்து வந்தேன். அடுத்த நாளும் போனேன். அதற்கடுத்த நாள் எழுந்திருக்க முடியவில்லை. காய்ச்சல் எரித்தது. கஞ்சி போகவில்லை. பால் வற்றியது.

இப்போது உங்களுக்கு விளங்கும். பிந்தி வந்தவளுக்குப் பேர் இல்லை என்று பரலோகத்தில் என்னைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள் என்று நினைத்தேன். பேர் என்ற வார்த்தைக்கு அர்த்தம் தெரியாமல் ஒருத்திக்குப் பிரசங்கம் பண்ணினவள், அர்த்தம் தெரிந்த பிறகு அதையே ஆண்டவருடைய சட்டமாக ஆக்கிக்கொண்டேன்.

என் வீட்டுக்காரர் டாக்டரைத் தேடிப் போய் ஒரு பகலும் ஓர் இரவும் கடந்துவிட்டன. விடிந்தது. தப்புச் சத்தம் கேட்டது. பெண்கள் கம்பளியைத் தலையில் போட்டுக்கொண்டு பெரட்டுக்கு ஏறிப்போகும் காலடிச் சத்தமும் கேட்டது. பிள்ளையின் உதடு காய்ந்திருந்தது. நான் ஜெபிக்க வாயைத் திறந்தேன். என்ன பொருத்தனை செய்வது என்று தேடினேன். ஒன்றும் கிடைக்கவில்லை. பழைய பொருத்தனையே உடைந்து கிடக்கும்போது புதியதை எந்த முகத்தோடு சொல்வது?

"ஆண்டவரே, கொடுக்க என்னிடம் ஒன்றும் இல்லை. பிள்ளைக்குப் பசிக்கிறது" என்றேன். அவ்வளவுதான். ஆமென் சொன்னேனா என்றுகூட ஞாபகமில்லை.

வாசலில் ஒரு குரல் கேட்டது. அங்கம்மா.

"என்னங்க பேர் போடுற அம்மா, கஞ்சியக் காணோம்னு மடுவத்துப் புள்ளைங்க வாயத் தொறந்து வச்சுக்கிட்டு இருக்குதுங்க. ஒங்களுக்கும் இன்னிக்குப் பேர் இல்லையா?"

கேலி செய்துகொண்டே உள்ளே எட்டிப் பார்த்தவள் நின்றுவிட்டாள். அந்த நேரம் பிள்ளை முனகியது. அங்கம்மா சட்டென்று தன் மார்பைப் பார்த்தாள். சேலை நனைந்துகொண்டிருந்தது. மழை ஈரம் அல்ல. அவளுக்கும் கைக்குழந்தை இருந்தது. கேட்ட சத்தத்துக்குப் பால் தானாகச் சுரந்துவிட்டது.

"பாருங்க, கூப்புட்டுருச்சு" என்றாள்.

கூடையை இறக்கினாள். அடுப்பருகில் கையைச் சூடு காட்டினாள். பிள்ளையைத் தரட்டுமா என்று நான் கேட்கவில்லை, எடுக்கட்டுமா என்று அவளும் கேட்கவில்லை. எடுத்துக்கொண்டாள்.

உண்மையைச் சொல்ல வேண்டும் என்று எழுதத் தொடங்கினேன், ஆகவே இதையும் எழுதுகிறேன். அந்த நொடியில்கூட, பதுளையில் என் உறவினர் இதைக் கேட்டால் என்ன சொல்வார்கள், யார் பாலை யார் குடிப்பது என்பார்களே என்று ஒரு நினைப்பு வந்தது. பிள்ளை விழுங்கிய முதல் சத்தம் கேட்டது. அந்த நினைப்பு போனது போனதுதான், இன்றுவரை திரும்பி வரவில்லை.

பிறகுதான் எனக்குப் பெரட்டு நினைவுக்கு வந்தது. "அங்கம்மா, நேரமாகிவிட்டதே. உனக்குப் பேர் போய்விடுமே" என்றேன்.

"போவட்டுங்க" என்றாள். "புள்ளைக்குப் பால் குடுக்க எந்த தோட்டத்துலங்க பேர் போடுறாங்க?" பிள்ளையின் தலையைத் தடவிக்கொண்டே சிரித்தாள். "வேணும்னா ஒங்க சாமி போடட்டும். அதுதான் சும்மாவே போடுமே."

நான் அழுதேன். அவள் காய்ச்சலால் அழுகிறேன் என்று நினைத்து, போர்வையை இழுத்துவிட்டாள்.

சற்று நேரத்தில் கங்காணி தேடிக்கொண்டு வந்துவிட்டார். வாசல்வரை வந்தவர், உள்ளே நடப்பது தெரிந்ததும் சட்டென்று திரும்பி, எங்களுக்கு முதுகு காட்டி நின்றுகொண்டார். தேயிலைச் செடிகளைப் பார்த்துத்தான் திட்டினார்.

"ஏ அங்கம்மா, மலையில ஆள் பத்தல. நீ இங்க என்ன பண்ற?"

"புள்ளைக்குப் பால் குடுக்கிறேன் கங்காணியாரே. நீங்க வேணா வந்து குடுங்க, நான் மலைக்குப் போறேன்."

அவருக்கு இருமல் வந்துவிட்டது. கையிலிருந்த குடை சரிந்தது. "அரைப்பேர்தான். இப்பவே சொல்லிட்டேன்" என்று செடிகளிடம் சொல்லிவிட்டுப் போனார். சொன்னபடியே அன்று அரைப்பேர்தான் போட்டார். ஆனால் சாயங்காலம் அவர் வீட்டிலிருந்து சுக்கும் கொத்தமல்லியும் பொட்டலமாக எனக்கு வந்தது.

மத்தியானம் என் வீட்டுக்காரர் வந்தார். இடுப்புவரை சேறு. சரிந்த பாதையில் டாக்டரால் வர முடியவில்லை, மருந்து மட்டும் கொடுத்தனுப்பியிருந்தார். எந்த நிலையில் எங்களைப் பார்ப்பேனோ என்று வழியெல்லாம் ஜெபித்துக்கொண்டு வந்தாராம். உள்ளே பிள்ளை வயிறு நிறைந்து தூங்கிக்கொண்டிருந்தது. கொழுந்து பறிக்கப் போயிருந்த அங்கம்மா மத்தியான இடைவேளையில் மறுபடியும் வந்து பால் கொடுத்துவிட்டுப் போயிருந்தாள். நான் சொல்லச் சொல்லக் கேட்டவர், அந்தச் சேற்றோடு அப்படியே வாசலில் முழங்காற்படியிட்டார். அந்தச் சேற்றுத் தடத்தை மெழுகி எடுக்க எனக்குப் பல நாள் மனம் வரவில்லை.

மழை நாட்கள் முழுவதும் அங்கம்மா வந்தாள். பெரட்டுக்கு முன்னால் ஒரு முறை, மத்தியானம் ஒரு முறை, பொழுது சாயும்போது ஒரு முறை. அவள் பிள்ளைக்குக் குறைந்துவிடாதா என்று நான் கவலைப்பட்டேன். கவலைப்படாமல் இருப்பேனா? அவள் தன் மகன் முத்துவைத் தூக்கிக் காட்டினாள். தொடையில் மடிப்பு விழுந்த பிள்ளை. "இந்தக் குண்டனுக்கா கொறையும்? ஒரு பக்கம் இவனுக்கு, ஒரு பக்கம் ஒங்க மகளுக்கு" என்றாள். எனக்குப் பால் இல்லாவிட்டாலும் பிள்ளையை மார்பில் போட்டுக்கொண்டே இருக்கச் சொன்னாள். "புள்ள கூப்புட்டா வரும்ங்க. நீங்க நெனச்சு வராது" என்பாள்.

காய்ச்சல் விட்டது. பால் வரவில்லை. நான் ஜெபித்தேன். கஞ்சி காய்ச்சத் தொடங்கினால் வருமோ என்றும் பழைய புத்தி கேட்டது.

ஒரு காலை மடுவத்துப் பாட்டிக்கு உடம்பு சரியில்லை. அங்கம்மா முத்துவை என்னிடம் விட்டுவிட்டு மலைக்குப் போனாள். நன்றாகத் தூங்கினவன், திடீரென்று எழுந்து, வீட்டுக்கூரை பறக்கிறதுபோல அழுதான். என் மகள் அழுகிறதுபோல முனகல் அல்ல. பசித்தவன், உரிமையோடு கேட்கிறவன் அழுகிற அழுகை. என் மார்பு இறுகியது. கையிலிருந்த துணியைக் கீழே போட்டேன். குனிந்து பார்த்தால் ரவிக்கை நனைந்திருக்கிறது.

யோசிக்க நேரம் இருக்கவில்லை. அவனை எடுத்து மடியில் போட்டுக்கொண்டேன். என் வாழ்நாளில் நான் யோசிக்காமல் செய்த காரியம் அது ஒன்றுதான் என்று என் வீட்டுக்காரர் சொல்லுவார்.

முத்து குடித்துக்கொண்டிருந்தான். என் மகளை இன்னொரு கையில் எடுத்துக்கொண்டேன். இருவருக்கும் வந்தது. அங்கேதான், என் அன்பானவர்களே, என் கண் திறந்தது. இந்தப் பிள்ளைக்குப் பால் கொடுப்பேன் என்று நான் நேர்ந்துகொள்ளவில்லை. கொடுக்காவிட்டால் என்ன ஆகுமோ என்று பயப்படவும் இல்லை. அவன் அழுதான், எனக்குப் பொறுக்கவில்லை. இவ்வளவுதானே? நான் அழுதபோது என் ஆண்டவருக்கும் பொறுக்கவில்லை. எத்தனை நாள் கஞ்சி கொண்டுபோனாய், எத்தனை நாள் தவறினாய் என்று அவர் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. அங்கம்மாவை வாசலில் நிறுத்தினார். நான் பெரட்டு நடத்துகிற ஒருவரைப்போல அவரைப் பார்த்துப் பயந்துகொண்டிருந்த காலமெல்லாம், அவர் தாயைப்போல என் சத்தத்துக்குக் காதுகொடுத்துக்கொண்டிருந்தார். புதிதாக வந்த அன்று அங்கம்மாவிடம் நான் அறியாமல் சொன்ன வார்த்தைதான் உண்மை. ஒரு வேலையும் வேண்டாம், சும்மாவே கொடுப்பார், முழுப் பேர்தான். அதைச் சொன்ன நான்தான் அதை நம்பாமல் இருந்தேன்.

சாயங்காலம் அங்கம்மா வந்தாள். முத்து ஏப்பம் விட்டுக்கொண்டு படுத்திருந்தான். நான் சொன்னதும், "அப்ப ஒங்களுக்கும் பேர் போடாத வேல வந்துருச்சுங்க" என்றாள். அவளை நான் அக்கா என்று கூப்பிட்டேன். அவள் திரும்பிப் பார்த்து, யாரைக் கூப்பிடுகிறீர்கள் என்று கேட்டாள். இப்போது பழகிவிட்டது.

பிறகு எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. வராமல் இருக்குமா? ஆண்டவர் கணக்குப் பார்க்கிறவர் அல்லவென்றால், கஞ்சியை நிறுத்திவிடலாமே? யாரும் கேட்கப்போவதில்லை. என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். நிறுத்திப் பாரேன் என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் புத்தகத்தைத் திறந்தார். நிறுத்தலாம் என்று தெரிந்தவுடன்தான் எனக்குப் போக ஆசை வந்தது. மறுநாள் பானையோடு போனேன். அன்றுதான் முதல்முதல் அந்தப் பிள்ளைகளைப் பார்த்தேன். ஒரு பிள்ளைக்குக் கன்னத்தில் குழி விழுகிறது. ஒரு பிள்ளை கஞ்சியை வாயில் வைத்துக்கொண்டு பாடப் பார்க்கிறது. ஒன்று என் மூக்கைப் பிடித்து இழுக்காமல் கஞ்சி குடிக்காது. இத்தனை நாள் இவர்களுடைய சந்தோஷத்தையெல்லாம் நான் பார்க்காமல் அல்லவா ஊற்றிக்கொண்டிருந்தேன் என்று நினைத்தேன்.

பாதை சரியானதும், கிறிஸ்துமஸுக்கு முன்னால் பதுளையிலிருந்து போதகர் ஐயா வந்தார். பிள்ளைக்கு ஞானஸ்நானம். அதுவரை நாங்கள் பாப்பா என்றுதான் அழைத்து வந்தோம். பெயர் வைத்தால் ஆண்டவர் எடுத்துக்கொள்வாரோ என்று அதற்கும் ஒரு பயம் வைத்திருந்தேன், அதையும் சொல்லிவிடுகிறேன். பள்ளிக்கூடம் நிறைந்திருந்தது. கங்காணிகூட வாசலில் குடையை ஊன்றிக்கொண்டு நின்றார். இந்த முறை பிள்ளைக்கு முதுகைக் காட்டவில்லை.

போதகர் ஐயா பிள்ளையைக் கையில் வாங்கிக்கொண்டு, "இந்தப் பிள்ளைக்கு என்ன பேர்?" என்று கேட்டார்.

நான் வாயைத் திறப்பதற்குள் பின்னாலிருந்து அங்கம்மா அக்காவின் குரல் வந்தது.

"முழுப் பேரா போடுங்கய்யா. அரைப்பேர் போட்டுறாதீங்க."

முதலில் சிரித்தவர் கங்காணி. பிறகு பள்ளிக்கூடமே சிரித்தது. போதகர் ஐயாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. தண்ணீர்ப் பாத்திரத்தைப் பிடித்துக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர் சிரித்த சிரிப்பில் பாதித் தண்ணீர் போதகர் ஐயாவின் அங்கியில் கொட்டிவிட்டது. நான் சிரித்துக்கொண்டும் அழுதுகொண்டும், "கிருபை, ஐயா" என்றேன். சும்மா கிடைத்தவள் என்பதற்கு எனக்குத் தெரிந்த பெயர் அது ஒன்றுதான்.

இதை வாசிக்கிற சகோதரியே, நீங்களும் என்னைப்போல ஒருவேளை கணக்கு வைத்துக்கொண்டு ஆண்டவருக்குச் செய்கிறவராயிருக்கலாம். காணிக்கைப் பையில் போடும்போது போதுமா என்று மறுபடியும் எண்ணிப் பார்க்கலாம். ஓய்வுநாள் பள்ளியில் பாடம் சொல்லிக்கொடுக்கிறதும் நோயாளியைப் பார்க்கப் போகிறதும் பேர் போய்விடுமோ என்ற பயத்தில் நடக்கலாம். உங்களைக் குறை சொல்ல எனக்கு உரிமை இல்லை. ஒன்றுமட்டும் கேட்டுக்கொள்கிறேன். ஒருநாள் ஒன்றும் கொண்டுபோகாமல் அவர் முன்னால் போய்ப் பாருங்கள். பசிக்கிறது என்று மட்டும் சொல்லுங்கள். அவர் உங்களை எவ்வளவு நேசிக்கிறார் என்று தெரிந்த பிறகு, கொடுக்காமல் இருக்க உங்களால் முடியாது. அப்போது கொடுக்கிறது பாரமாகவும் இராது.

நான் முழுவதும் மாறிவிட்டேன் என்று சொன்னால் என் வீட்டுக்காரர் சிரிப்பார். இந்தச் சாட்சியையே மூன்று முறை கிழித்து எழுதினேன். கிருபைக்குத் தும்மல் வந்தால் இன்னும் நெஞ்சு திடுக்கிடத்தான் செய்கிறது. சென்ற வாரம் எனக்கு ஜலதோஷம், கஞ்சி கொண்டுபோகவில்லை. ஆனால் அன்று மத்தியானம் நான் நன்றாகத் தூங்கினேன். என் கை இன்னும் சிறியதுதான். அரிசி எடுக்கும்போது இப்போது அதைத் திருப்பிப் பார்ப்பதில்லை.

இதோ, தப்பு அடித்துவிட்டார்கள். அங்கம்மா அக்கா முத்துவை இடுப்பில் வைத்துக்கொண்டு பாதையில் ஏறி வருகிறாள். அவன் தூரத்திலேயே என்னைப் பார்த்துக் கத்துகிறான். கிருபை அதைக் கேட்டுக் கைதட்டுகிறாள். அடுப்பில் கஞ்சி பொங்கி வருகிறது, இதற்கு மேல் எழுதினால் அடிப்பிடித்துவிடும். நம்மைக் கேட்காமலே நேசிக்கிறவர் உங்கள் வீட்டிலும் இன்று அப்படியே பொங்கி வழியட்டும்.